கட்டைவிரலுக்குச் சாயும் பைக்

கார் பந்தய விளையாட்டில் கன்ட்ரோலரின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது, காரும் திரும்புகிறது. பைக் பந்தய விளையாட்டில் ஸ்டிக்கை அப்படியே ஹேண்டில்பாரோடு இணைத்தால், இயற்பியல் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும்பட்சத்தில், பைக் இடப்பக்கம் சாய்ந்து விழுந்துவிடும்.

நம்பாதவர்கள் ஆளில்லாத சாலையில் சைக்கிளைச் சற்று வேகமாக ஓட்டிக்கொண்டே, வலது கைப்பிடியை மட்டும் மெல்ல முன்னால் தள்ளிப் பார்க்கலாம். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும். சைக்கிளோ வலப்பக்கம் சாயும். சக்கரங்கள் இடப்பக்கம் நகர்ந்துவிட, மேலே இருக்கும் உடல் எடை வலப்பக்கம் சரிகிறது. அந்தச் சரிவிலிருந்துதான் வலது வளைவு பிறக்கிறது. இருசக்கர வண்டி ஓட்டுகிற அனைவரும் தினமும் இதைச் செய்கிறோம். செய்கிறோம் என்பதுதான் தெரியாது.

விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு இது பெரிய தலைவலி. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, இடுப்பு, தொடை என வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும் எதற்கும் சோபாவில் வேலை இல்லை. எஞ்சியிருப்பது ஒரு கட்டைவிரல். அதனால் வழக்கமாக ஸ்டிக்குக்கு வேறு பொருள் கொடுத்துவிடுகிறார்கள். அது ஹேண்டில்பாரைத் திருப்புவதில்லை. 'இவ்வளவு சாய வேண்டும்' என்று கேட்கிறது, அவ்வளவுதான். கேட்ட கோணத்துக்கும் இப்போதைய கோணத்துக்கும் உள்ள வித்தியாசம், பைக் சரிந்துகொண்டிருக்கும் வேகம் ஆகிய இரண்டையும் ஒரு நிரல் ஓயாமல் அளந்து, ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் எவ்வளவு தட்ட வேண்டும் என்று முடிவுசெய்கிறது. திரையில் தெரியாத அந்த ஓட்டுநர்தான் உண்மையில் வண்டி ஓட்டுகிறார். நாம் வழி சொல்கிறோம்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால், சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு கிடைக்கும். 80 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 45 டிகிரி. அதே வளைவில் 120 கி.மீ. என்றால் 55 டிகிரி. உலகின் உச்ச பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியின் வீரர்கள் 60 டிகிரியையும் தாண்டுகிறார்கள். டயரின் அகலம் இந்தக் கோணத்தைக் கொஞ்சம் கூட்டும். வீரர் உடலை வளைவின் உட்பக்கம் தொங்கவிட்டால் பைக்கின் சாய்வு கொஞ்சம் குறையும். நல்ல விளையாட்டு இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்கிறது.

பழைய விளையாட்டுகளுக்கு இந்தக் கவலையே இருக்கவில்லை. சேகா நிறுவனம் 1985-இல் வெளியிட்டுப் பின்னர் தன் மாஸ்டர் சிஸ்டம் கன்சோலுக்கும் கொண்டுவந்த 'ஹேங் ஆன்' விளையாட்டில் பைக் சாய்வது என்பது, முன்பே வரைந்து வைத்த படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவது. வளைவும் ஒரு கண்கட்டு வித்தைதான். சாலையின் ஒவ்வொரு கிடைவரியையும் சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் நகர்த்தி வரைந்தால் சாலை வளைவதாகக் கண் நம்பிவிடும். ஆனாலும் அந்த விளையாட்டு இன்றும் வேகமாகத்தான் தோன்றுகிறது. துல்லியமும் சுவாரசியமும் சேர்ந்தே வரும் என்று கட்டாயமில்லை.

இன்றைய கன்சோலில் கணக்கு கடுமையாவது பிரேக் பிடிக்கும் இடத்தில். இத்தாலியின் முஜெல்லோ பந்தயத் தடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 2023-இல் மோட்டோஜிபி வீரர் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கி.மீ. வேகத்தைத் தொட்டார். நொடிக்கு 60 படம் காட்டும் விளையாட்டில், அந்த வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பைக் ஏறக்குறைய 1.7 மீட்டர் ஓடியிருக்கும். அதற்குள் டயரிலும் சஸ்பென்ஷனிலும் விசைகள் வெகுவாக மாறிவிடலாம். ஆகவே இயற்பியல் கணக்கைப் படங்களைவிடச் சிறிய கால இடைவெளிகளில் போட வேண்டியிருக்கிறது.

நேர்ப்பாதை முடிந்ததும் சான் டொனாட்டோ வளைவு வருகிறது. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் பாய்கிறது. பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் தவிக்கிறது. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்புக்கு ஓர் உச்ச அளவு உண்டு. பிரேக்கும் திரும்புதலும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கீடு நேர்கோட்டுக் கணக்கு அல்ல. எளிய மாதிரியில் அது ஒரு வட்டம். பிடிப்பில் 80 விழுக்காட்டைத் திரும்புவதற்குச் செலவிட்டாலும் பிரேக்குக்கு 60 விழுக்காடு கிடைக்கும். 95 விழுக்காடு செலவானபின் கிடைப்பது 31 மட்டுமே. கடைசி ஐந்தாறு டிகிரி சாய்வில் பிரேக்கை லேசாக அழுத்தினாலே முன்சக்கரம் வழுக்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். புதிதாக ஆடுபவர்கள் 'நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது' என்று புலம்புவதும் இந்த இடத்தில்தான். சாயச் சாய பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே வருவதுதான் இதற்கு வழி. கன்ட்ரோலரில் பிரேக்கை, அழுத்தும் ஆழத்துக்கேற்ப வேலைசெய்யும் பொத்தானாக வைத்திருப்பதன் பயன் அப்போது புரியும்.

இத்தாலியின் மைல்ஸ்டோன் நிறுவனம் உருவாக்கும் மோட்டோஜிபி விளையாட்டுகளில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்தோ பிரித்தோ பிடிக்கலாம். பின்சக்கரம் வழுக்காமல் இன்ஜின் சக்தியைக் குறைக்கும் உதவியும் உண்டு. உதவிகளை ஒவ்வொன்றாக அணைக்கும்போது, மறைந்திருக்கும் அந்த ஓட்டுநர் தன் வேலைகளை நம்மிடம் தள்ளிவிடுகிறார். பிரேக்குகளைப் பிரித்து வைப்பது முதல் வாரம் எரிச்சல் தரும். இருந்தாலும் அப்படி ஆடுவதே என் பரிந்துரை. ஆனால் எல்லா உதவிகளையும் அணைத்த தீவிர ரசிகருக்காகவும், ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் தட்டி பைக்கைச் சாய்க்கும் வேலையை மட்டும் நிரல் சத்தமில்லாமல் செய்துகொண்டேயிருக்கிறது.