தொடர்புடைய விற்றுமுதல்: தீர்ப்பில் பிறந்த ஒரு சட்டச் சொல்

இந்தியப் போட்டிச் சட்டம், 2002ஐ 2023 திருத்தத்துக்கு முன் இருந்தபடி எடுத்துப் புரட்டினால், அபராதம் பற்றிய 27ஆம் பிரிவில் ‘டர்னோவர்’ (விற்பனைத் தொகை) என்ற சொல் மட்டுமே இருக்கும். முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி டர்னோவரில் 10 சதவீதம் வரை அபராதம். கார்ட்டல், அதாவது போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பது போன்ற கூட்டுச்சதி என்றால், அது நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது டர்னோவரில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை. எந்த டர்னோவர், நிறுவனம் விற்கும் எல்லாவற்றுக்குமா, தப்பு நடந்த சரக்குக்கு மட்டுமா? சட்டம் இதற்குப் பதில் சொல்லவில்லை. ‘ரெலவன்ட் டர்னோவர்’, அதாவது தப்பு நடந்த சரக்கின் விற்பனைத் தொகை மட்டும் என்பது, அந்த இடைவெளியில் முளைத்த சொல்.

அந்தச் சொல் பிறந்த வழக்கு, தானியக் கிடங்குகளில் பூச்சியைக் கொல்லப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பற்றியது. இந்திய உணவுக் கழகத்தின் 2009 டெண்டரில் எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் ஆகிய மூன்றும் கிலோவுக்கு ஒரே விலையாக 388 ரூபாய் குறித்திருந்தன. கழகம் 2011இல் புகார் செய்தது. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் போட்டி ஆணையம் 2012இல் மொத்த டர்னோவரில் 9 சதவீதம் என அபராதம் போட்டது: எக்செலுக்கு 63.90 கோடி, யுனைடெட் பாஸ்பரஸுக்கு 252.44 கோடி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மாத்திரை விற்பனையை மட்டும் கணக்கில் எடுத்ததும், முதலாவது 3 கோடிக்குக் கீழும் இரண்டாவது 7 கோடிக்குக் கீழும் இறங்கின. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் அளவுப் பொருத்தம் வேண்டும்; தண்டனைச் சட்டத்தின் வாசகம் இரண்டு பொருள் தந்தால், தண்டனைக்கு உள்ளாகிறவருக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்பவை அதன் அடிப்படை. தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பையும் அது துணைக்கு எடுத்துக்கொண்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த விற்பனை 500 கோடி, அதில் சிக்கிய சரக்கு 20 கோடி என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீதம் பழைய வழியில் 45 கோடி, தீர்ப்பின் வழியில் 1.80 கோடி. அந்த ஒரே சரக்கை மட்டும் 20 கோடிக்கு விற்கும் சின்ன நிறுவனமோ எந்த வழியிலும் 1.80 கோடி கட்டும். இருவரும் செய்தது ஒரே தப்பு.

தமிழில் என்ன சொல்வது? டர்னோவருக்குச் ‘சுழற்சி’ என்பது சரக்கிருப்புக் கணக்குக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. ‘வருவாய்’ என்றால் வட்டி வரவும் உள்ளே வந்துவிடும். ‘லாபம்’ என்று எழுதுவது முழுப் பிழை, ஆனாலும் செய்திகளில் தட்டுப்படுகிறது. ‘விற்றுமுதல்’ சரியான சொல்: விற்றதால் கைக்கு வந்த முதல். ரெலவன்ட் என்பதற்குத் ‘தொடர்புடைய’ போதும்; எதனுடன் தொடர்பு என்பதையும் சொல்ல வேண்டுமானால் ‘மீறல்சார் விற்றுமுதல்’ என்பதே தெளிவு. ‘உரிய விற்றுமுதல்’ என்று எழுதினால் ‘கட்டவேண்டிய’ என்ற தொனி வந்துவிடும்.

நடைமுறையில் சிக்கல் இரண்டு இடத்தில். கணக்குப் புத்தகம் சரக்குவாரியாகப் பிரிக்கப்படாவிட்டால் எண்ணைப் பெயர்த்தெடுப்பது கடினம். ‘நீ எடு, நான் விலகிக்கொள்கிறேன்’ என்று டெண்டர் போடாமலே ஒதுங்கியவருக்கு மீறல்சார் விற்றுமுதல் சுழியாகவே இருக்கலாம், ஆனால் சதியில் அவருக்கும் பங்குண்டு. இந்தத் தீர்ப்பின் பலவீனம் இதுதான் என்பேன்.

2023 திருத்தம் விற்றுமுதல் என்றால் உலகளாவிய, எல்லாச் சரக்கு, சேவைகளின் விற்றுமுதல் என்று வரையறுத்தது. ஆனால் 2024 மார்ச்சில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் நீதிமன்றச் சொல்லைத் தூக்கியெறியவில்லை. முதலில் சராசரித் தொடர்புடைய விற்றுமுதலில் 30 சதவீதம் வரை எடுத்து, தணிக்கும், கூட்டும் காரணங்களைப் பார்த்துச் சரிசெய்து, இறுதித் தொகை சட்டத்தின் உச்சவரம்பைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். தொடர்புடைய விற்றுமுதலைக் கணக்கிட முடியாதபோது உலகளாவிய விற்றுமுதலையே எடுத்துக்கொள்ளலாம். இந்த உலகளாவிய அளவுகோலை எதிர்த்து ஆப்பிள் நிறுவனம் 2025இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.