விரலைச் சுண்டியது யார்?

ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ மாலை நேரத்தில் கேரம் ஆடுபவர், ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, விரலை மடக்கிச் சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டுச் சட்டென்று சுண்டுகிறார். சுண்டும் கணத்தைத் தேர்ந்தெடுத்தது அவரா, அவருடைய மூளையா என்று கேட்டால், வீண் வம்பு என்று போர்டைச் சுற்றி நிற்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் தன்னுணர்வு பற்றிய இந்தப் பழைய தத்துவக் கேள்வியை ஆய்வுக்கூடத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

நாமாக உடலை அசைப்பதற்குச் சற்று முன்பே மூளையில் ஒரு மின்னழுத்தம் மெல்ல எழுவதை 1965-இல் மூளை ஆய்வாளர்களான கோர்ன்ஹூபரும் டீக்கேயும் பதிவு செய்தனர். 1983-இல் அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட், 2.56 நொடிக்கு ஒருமுறை சுற்றும் ஒளிப்புள்ளியைப் பார்த்தபடி, தங்களுக்குத் தோன்றும்போது கையை அசைக்குமாறு சிலரிடம் கேட்டார். அசைக்கும் எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். எண்ணம், அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி முன்னர் தோன்றியதாகச் சொன்னார்கள். மின்னழுத்தமோ 550 மில்லிநொடி முன்னரே எழத் தொடங்கியிருந்தது. சுயவிருப்பம் வெறும் மாயை என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். கடைசி நேரத்தில் அசைவைத் தடுக்கும் அதிகாரமாவது நமக்கு உண்டு என்றார் லிபெட். அந்தத் தடையும் மூளையிலிருந்துதானே வர வேண்டும் என்பதால், எனக்கு அது நழுவல் பதிலாகவே படுகிறது.

வலுவான மறுப்பு, அளந்த முறையிலிருந்தே வந்தது. தலைமேல் பதிவாகும் மின்னலைகளில் இரைச்சல் மிகுதி என்பதால், பல அசைவுகளின் பதிவுகளை அசைவு நிகழ்ந்த கணத்தில் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுப்பார்கள். ஆரோன் ஷூர்கரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, மூளையின் செயல்பாடு காரணமின்றியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அது ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. எல்லையைத் தொட்ட கணங்களை மட்டும் பொறுக்கிப் பின்னோக்கிச் சராசரி எடுத்தால், முன்கூட்டியே திட்டமிட்டதைப் போன்ற ஏற்றம் தெரியத்தான் செய்யும். தொடாமல் இறங்கிப்போன ஏற்றங்கள் கணக்கிலேயே வருவதில்லை.

மேலும், லிபெட்டின் ஆட்கள் கையை அசைக்க எந்தக் காரணமும் இல்லை. கேரமில் சிவப்புக் காயை விழுத்திவிட்டு, அதை உறுதிசெய்யும் ஃபாலோவுக்கு எந்தக் காயை எடுப்பது என்று கணக்குப் போடுபவருக்கோ காரணங்கள் உண்டு. எந்த அறக்கட்டளைக்குப் பணம் தருவது என்று உண்மையாகவே முடிவெடுக்க வைத்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், அந்த முன்னெழும் மின்னழுத்தம் பெரும்பாலும் காணப்படவில்லை. விளைவில் வேறுபாடில்லாத தேர்வுகளில் மட்டும் அது தெளிவாகத் தெரிந்தது.

எண்ணம் எழுந்த நேரமாக நாம் சொல்வதும் உறுதியான சாட்சியம் அன்று. பொத்தானை அழுத்திய சில மில்லிநொடிகளுக்குப் பின் ஓர் ஒலியை எழுப்பி, 2009-இல் பேங்க்ஸும் ஈஷமும் சோதித்தனர். ஒலி தாமதமாகத் தாமதமாக, தாங்கள் முடிவெடுத்த நேரத்தையும் பங்கேற்றவர்கள் தள்ளிச் சொன்னார்கள். அழுத்தி முடித்த பிறகு வந்த ஒலி, அழுத்துவதற்கு முன் எடுத்த முடிவுக்கு அவர்கள் சொன்ன நேரத்தை மாற்றியது.