கர்ப்பகாலத்தில் வீ.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. பரிசோதனை: யாழ்ப்பாணத் தாய்மாருக்கு

கர்ப்பம் என்று தெரிந்ததும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள். 8 வாரத்துக்குள் பதிந்தால் மிக நல்லது. நல்லூர், கோப்பாய், உடுவில், சாவகச்சேரி என எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் இருந்தாலும், முதல் கிளினிக்கில் இரத்தவகை, ஹீமோகுளோபின், சீனி ஆகியவற்றோடு இன்னும் இரண்டு பரிசோதனைகள் செய்யப்பட வேண்டும். ஒன்று, பாலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோய்க்கான வீ.டி.ஆர்.எல்., மற்றது எச்.ஐ.வி. இரண்டும் இலவசம். கையிலிருந்து சில மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள். இவற்றுக்காகப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சாப்பாட்டு நேரக் கணக்கெல்லாம் சீனிப் பரிசோதனைக்குத்தான்.

"என்னைச் சந்தேகப்பட்டா எடுக்கினம்?" என்று கேட்கும் தாய்மார் உண்டு. இல்லை. நாட்டிலுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது பொது. இரண்டு நோய்களும் வெளியில் எந்த அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் உடலில் இருக்கக் கூடியவை. ஆகவே ஆளைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. இப்படி எல்லோரையும் பரிசோதித்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

12 வாரத்துக்குள் இரத்தம் கொடுங்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சிபிலிஸ் கிருமி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். கருச்சிதைவு, வயிற்றிலேயே பிள்ளை இறப்பது, பிறவிச் சிபிலிஸ் எல்லாம் அதனால் வரலாம். மருந்தோ பழையது, மலிவானது, நன்றாக வேலை செய்வது: பென்சதீன் பெனிசிலின், 24 இலட்சம் அலகு, தசையில் ஊசியாக. ஆரம்ப நிலையென்றால் ஒரு தடவை. எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று. இடையில் ஒரு வாரம் தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க நேரிடும். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது சிகிச்சை கிடைத்திருந்தால்தான் பிள்ளைக்குப் போதிய பாதுகாப்பு என்று கருதுவார்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போட்ட 24 மணித்தியாலத்துக்குள் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். அத்துடன் வயிறு இறுகினாலோ பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீ.டி.ஆர்.எல். "றியாக்டிவ்" (தொற்று இருக்கலாம்) என்று வந்த உடனே சிபிலிஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். கர்ப்பமே சிலருக்கு இப்படிப் பொய்யாகக் காட்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களிலும் அப்படி வரும். அதனால்தான் உறுதிப்படுத்தும் பரிசோதனை இன்னொன்று செய்கிறார்கள். எச்.ஐ.வி.க்கும் அப்படியே, முதல் பெறுபேறு முடிவல்ல. திரும்ப இரத்தம் கேட்டால் பயந்து கிளினிக்குக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். மேலதிக பரிசோதனையும் சிகிச்சையும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் நடக்கும். அங்கே இலவசம், இரகசியம் காக்கப்படும், யாருடைய கடிதமும் தேவையில்லை. கணவரையும் கூட்டிப்போக வேண்டும். அவருக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் ஊசி போட்ட தாய்க்கே மறுபடி தொற்றலாம்.

எச்.ஐ.வி. உறுதியானால் மாத்திரை உடனே தொடங்கப்படும், வாழ்நாள் முழுவதும் தொடரும். மருந்தில்லாமல் விட்டால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். ஒழுங்காக எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். சத்திரசிகிச்சைப் பிரசவமா, தாய்ப்பாலா என்பவற்றை மருத்துவரோடு முன்கூட்டியே பேசித் தீர்மானிக்க வேண்டும். சாதாரண பரிசோதனை தேடுவது, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. தாயின் எதிர்ப்பொருள் பிள்ளையின் இரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கலாம். அதனால் கைக்குழந்தைக்குச் அது போதாது, கிருமியையே நேரடியாகத் தேடும் பீ.சி.ஆர். தேவை.

தவறுகள் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் நடப்பதில்லை, இடைவெளியில் நடக்கின்றன. புகுந்த வீடு ஊர்காவற்துறையில், பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு கரவெட்டியில் என்றால், இரத்தம் ஓரிடம், பெறுபேறு ஓரிடம், தாய் வேறிடம். போகுமுன் கர்ப்பகாலப் பதிவட்டையை விரித்து, வீ.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. கட்டங்களில் திகதியும் பெறுபேறும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால் அங்கேயே கேளுங்கள். "இரத்தம் எடுத்தாச்சு" என்பது பதில் அல்ல. தனியார் மருத்துவரிடம் மட்டும் காட்டுபவர்கள், தங்கள் பரிசோதனைப் பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பகுதிக் கிளினிக்கில் செய்யலாம். முந்திய பிள்ளையின்போது செய்த பரிசோதனை இந்தத் தடவைக்குச் செல்லாது.

ஈரல் அழற்சி பி இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈரல் அழற்சி பிக்கும் சேர்த்து 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசி அப்படிப்பட்ட தாயின் பிள்ளைக்குப் போதாது. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் தனியாக ஒரு தடுப்பூசியும், ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், அதற்கு ஆஸ்பத்திரி ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எந்தப் பரிசோதனையும் செய்யாமல் பிரசவ வலியோடு வந்து சேர்ந்தாலும் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். அப்போதும் இரத்தம் எடுக்கலாம், எச்.ஐ.வி. இருந்தால் தாய்க்கு உடனேயும், பிள்ளைக்குப் பிறந்த சில மணித்தியாலத்திலேயும் மருந்து தொடங்கலாம்.