குக்கர் மூடியில் உருகும் உலோகமும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும்

"ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்றால் என்ன தண்டனை? அந்த முத்திரையில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டாவது கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம்.

அந்த முத்திரை, குக்கர் ஐஎஸ் 2347 என்ற இந்தியத் தரத்துக்கு ஏற்றது என்பதற்கான அடையாளம்; வீட்டுக் குக்கர்களுக்கு அந்தத் தரம் 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். குக்கர் வேலை செய்யும் விதம் தெரிந்ததுதான்: சதுர செ.மீ.க்குச் சுமார் 1 கிலோ அழுத்தத்தில் வெயிட் எழும்பும், உள்ளே தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். 20 செ.மீ. விட்டமுள்ள மூடியை அப்போது 300 கிலோவுக்கு மேல் விசை தள்ளிக்கொண்டிருக்கும். மூடி பிய்த்துக்கொண்டால், ஒவ்வொரு லிட்டர் தண்ணீரிலிருந்தும் சுமார் 37 கிராம் நொடியில் ஆவியாகி 60 லிட்டருக்கு விரியும். வெடிப்பின் பலமே அதுதான்.

பருப்புத் தோல் ஆவித்துளையை அடைத்துவிட்டால் வெயிட்டால் பயனில்லை. அடுத்த காவல் சேஃப்டி வால்வு. அதன் துளையை எளிதில் உருகும் கலப்புலோகம் அடைத்திருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலும் பிஸ்மத் 271 டிகிரியிலும் உருகுபவை; 42க்கு 58 என்று கலந்தால் 138 டிகிரியிலேயே உருகிவிடுகின்றன! வெப்பத்தை மட்டுமே உணரும் உலோகம் அழுத்தத்தை எப்படிக் காக்கும்? உள்ளே தண்ணீர் இருக்கும்வரை நீராவியின் அழுத்தத்தை அதன் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. 138 டிகிரி என்றால் சுமார் இரண்டரை கிலோ. தண்ணீர் வற்றிப்போனால் கதை வேறு: அழுத்தம் ஏறாது, சூடு மட்டும் ஏறும். வெயிட்டுக்கு அது தெரியாது, உலோகத்துக்குத் தெரியும். ஒரே உலோகப் பொட்டு, இரண்டு ஆபத்துக்கும் காவல். இதைவிடச் சிக்கனமான பொறியியலை நான் அறியேன்.

அந்தத் துளையைச் சாதாரண ஈய-வெள்ளீயப் பற்றாசால் (சால்டர்) அடைத்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அது உருகுவது 183 டிகிரியில். அதற்குள் அழுத்தம் 10 கிலோவை நெருங்கும், மூடியின்மேல் விசை 3 டன் ஆகும். அதுவரை கேஸ்கெட்டும் பாத்திரமும் தாங்க வேண்டும்.

இனி தண்டனை. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தர விதியைப் பின்பற்றாத 2,265 குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த விற்பனையில் அமேசான் பெற்ற கட்டணம் 6,14,825 ரூபாய். 598 குக்கர்களுக்காக ஃபிளிப்கார்ட்டுக்கும் அதே 1 லட்சம். இரண்டும் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடின. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, விலையைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் உத்தரவில் இருந்தது. உண்மையில் கடிக்கும் பகுதி அதுதான். வெறும் அபராதம் அமேசான் பெற்ற கட்டணத்தில் ஆறில் ஒரு பங்கு, வியாபாரச் செலவாக எழுதிவிடலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம் (2016) இதைவிடக் கூர்மையானது: முதல் மீறலுக்குக் குறைந்தது 2 லட்சம், மறுமுறை 5 லட்சம், மேல்வரம்பு பொருள் மதிப்பின் பத்து மடங்கு, 2 ஆண்டுவரை சிறையும் உண்டு. விற்ற அளவோடு சேர்ந்து ஏறும் அபராதத்துக்குத்தான் நிறுவனங்கள் அஞ்சும் என்பது என் கருத்து.

வாங்கும்போது முத்திரைக்கு மேலே ஐஎஸ் 2347 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உரிம எண்ணை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது யாருடையது, எந்தப் பொருளுக்கு என்பது தெரியும். வேறு பெயர் வந்தால் அங்கேயே புகாரும் பதியலாம்.