ஆஸ்திரேலிய ஃபுட்பால்: பந்தின் சுழற்சியைப் பாருங்கள், ஆட்டம் புரியும்

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் நமக்கு டிசம்பர் 26 டெஸ்ட்டால் பழக்கம். அதே புல்தரையில் குளிர்காலம் முழுக்க வேறோர் ஆட்டம் நடக்கிறது. அணிக்கு 18 பேர், சுமார் 160 மீட்டர் நீளமான நீள்வட்டக் களம், ஆஃப்சைடு கிடையாது. தொலைவிலிருந்து திரையில் பார்க்கத் தொடங்கும் ரசிகருக்கு எல்லாம் தள்ளுமுள்ளாகவே தெரியும். ஆட்களை விட்டுவிட்டுப் பந்து எப்படிச் சுழல்கிறது என்று கவனியுங்கள். பாதி ஆட்டம் அதிலேயே பிடிபட்டுவிடும்.

பந்தின் நீளவாட்டுச் சுற்றளவு 72 முதல் 73 செ.மீ., குறுக்குச் சுற்றளவு 54.5 முதல் 55.5 செ.மீ. இப்படி நீண்ட எந்தப் பொருளையும் காற்று குறுக்காகத் திருப்பப் பார்க்கும். முனை சற்று விலகினால் போதும், காற்றின் அழுத்தம் அதை மேலும் விலக்கும். சுழற்சியே இல்லாமல் உதைத்த பந்து தள்ளாடி எங்கோ போய் விழுவது இதனால்தான்.

இதற்கு வீரர்கள் கண்ட மருந்து டிராப் பண்ட். பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து நழுவவிட்டு, விரல்களை நீட்டி இறுக்கிய பாதத்தின் மேற்புறத்தால் கீழ்முனையில் உதைப்பது. பந்து பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகும். சுழலும் அச்சு பந்தின் குறுக்கே கிடைமட்டமாக இருக்கும். இந்த அச்சைச் சுற்றும்போதுதான் பந்தின் நிறை அச்சிலிருந்து அதிகம் விலகி நிற்கிறது. ஓடும் சைக்கிள் சக்கரம் எளிதில் சாயாததுபோல் அச்சும் திசை மாறாது. அரைச்சுற்றுக்கு ஒருமுறை இரு முனைகளும் இடம் மாறிக்கொள்வதால், காற்று இந்தப் பக்கம் திருப்பியதை அந்தப் பக்கம் சரிசெய்துவிடுகிறது. பின்சுழற்சி கொஞ்சம் மேல்நோக்கியும் தூக்கும்.

பிழை பெரும்பாலும் உதையில் இல்லை, பந்தை நழுவவிடும் கையில் இருக்கிறது. பாதம் பந்தைத் தொடும் நேரம் நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதற்குள் எதையும் திருத்த முடியாது. நழுவும்போது பந்து பக்கவாட்டில் சாய்ந்தால் அச்சும் சாயும். மேலே தூக்க வேண்டிய விசை பக்கவாட்டிலும் இழுக்க, நேராகக் கிளம்பிய பந்து கடைசிப் பத்து மீட்டரில் வளைந்துபோகும். மெதுவோட்டக் காட்சி வரும்போது காலைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்.

டார்பிடோ என்ற உதை வேறு வகை. பந்து தன் நீள அச்சில் திருகுபோல் சுழன்று, கூர்முனையால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் அதிக தூரம் போகும். ஆனால் பாதம் கொஞ்சம் தவறினாலும் முனை தலையாட்டத் தொடங்கி, தூரமும் திசையும் சேர்ந்து கெடும். ஆகவே 60 மீட்டருக்கு அப்பாலிருந்து, கடைசி நொடிகளில் மட்டுமே இதற்குத் துணிவார்கள்.

திசை ஏன் இவ்வளவு முக்கியம்? உதைத்த பந்து யார் கையும் படாமல் 15 மீட்டராவது பறந்து ஒருவர் கையில் சிக்கினால் அது மார்க். பிடித்தவரை எதிரணி அண்ட முடியாது, நிதானமாக உதைக்கலாம். நேரான உதைதான் இதைச் சாத்தியமாக்குகிறது.

கோலிலும் இதே கதை. நடுவிலிருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே 6.4 மீட்டர், அதற்குள் உதைத்தால் 6 புள்ளி. இருபுறமும் அதே அகலத்தில் குட்டையான கம்பங்கள். அங்கே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. கோல் கம்பத்தில் பட்டாலோ, தடுப்பவரின் விரல்நுனி பட்டாலோகூட 1 புள்ளிதான். திரையில் 12.9 (81) என்று வந்தால் 12 கோல், 9 பிஹைண்ட், மொத்தம் 81.

நேர் எதிரே 40 மீட்டரில் நின்றால் கோல் ஏறக்குறைய 9 பாகை அகலம் காட்டும். அதே தூரத்தில் 60 பாகை ஓரமாகப் போய் நின்றால் அது பாதியாகச் சுருங்கிவிடும். அங்கேதான் பனானா உதை வருகிறது: பந்தைச் சாய்த்துப் பிடித்து அச்சை வேண்டுமென்றே சாய்ப்பார்கள். வலதுகால் வீரர் கோலைப் பார்த்து நிற்கையில் வலப்புற மூலை அவருக்குக் கடினமான பக்கம். அங்கிருந்து கோலின் முன்வெளியை நோக்கி உதைப்பார், பந்து வலப்புறம் வளைந்து உள்ளே நுழையும். மேலே சொன்ன பிழையே இங்கே கருவியாகிறது. இந்த ஆட்டத்தில் இதைவிட அழகான காட்சி வேறில்லை.

தரையில் விழுந்த பந்து மட்டும் யாருக்கும் கட்டுப்படாது. நொடிக்கு 6 சுற்று சுழல்வதாக வைத்துக்கொண்டால், தரையைத் தொடும் கணம் நொடியில் 24-இல் ஒரு பங்கு தள்ளினாலே முனை விழுமிடத்தில் வயிறு விழும். முனையில் விழுந்தால் தலைக்கு மேல் எகிறலாம், வயிற்றில் விழுந்தால் தவழ்ந்தோடும். அனுபவசாலிகள் பந்துக்கு நேர் மேலே பாயாமல் ஓரடி பின்னால் நின்று காத்திருப்பது இதற்காகவே.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கால்பகுதி 20 நிமிடம் என்பார்கள். கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் அரைமணி ஆகும். மார்ச்சில் மெல்பர்ன் இந்தியாவைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து நாலரை மணி நேரம். செப்டம்பர் கடைசியில் அங்கே மதியம் 2.30-க்குத் தொடங்கும் இறுதி ஆட்டம் சென்னையில் காலை 10 மணி, சிங்கப்பூரில் 12.30. பெர்த் ஆட்டங்களுக்கு வித்தியாசம் எப்போதும் இரண்டரை மணி நேரம்தான். வேலை நாள் மாலையில் பார்க்க அவையே தோது.