நான்கு பேருக்கு எதிரே மூன்று பேர்: கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் எழுந்தது எப்படி?

என்பிஏ கூடைப்பந்து லீகில் 1994-95 தொடங்கி 12 சீசன் பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பக்கமே எட்டிப் பார்க்காத அணி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அதற்கு முன் கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது 1975-ல். அதே அணி 2015, 2017, 2018, 2022 என்று எட்டு சீசனில் நான்கு முறை சாம்பியன் ஆனது. அணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி தூரத்திலிருந்து போட்டார், பந்து விழுந்தது, ஜெயித்தார்கள் என்று பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கரி போடாத ஷாட்டுகளில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கூடையிலிருந்து 7.24 மீட்டர் தள்ளி ஒரு வளைகோடு. அதற்கு வெளியே நின்று போட்டால் 3 புள்ளி, உள்ளே என்றால் 2. வெளியிலிருந்து போடும் 100 ஷாட்டில் 35 விழுந்தால் 105 புள்ளி. கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று போட்டு 40 விழுந்தாலும் 80 புள்ளிதான். இது பள்ளிக்கூடப் பெருக்கல். ஆனாலும் இந்தக் கோடு என்பிஏவுக்கு வந்த 1979-80 சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறைகூட அங்கிருந்து முயலவில்லை. கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆளிடம் பந்தைச் சேர்ப்பதுதான் ஒழுங்கான ஆட்டம் என்று நம்பிய காலம் அது.

சரி, அவ்வளவு தூரத்திலிருந்து பந்து எப்படி விழுகிறது? வளையத்தின் குறுக்களவு 45.7 செ.மீ., பந்து சுமார் 24 செ.மீ. 45 டிகிரி சாய்வில் இறங்கும் பந்துக்கு வளையம் 32 செ.மீ. அகல நீள்வட்டமாகச் சுருங்கிவிடும். 30 டிகிரியில் வந்தால் 23 செ.மீ.தான், வளையத்தில் இடிக்காமல் பந்து நுழையவே முடியாது. அதனால்தான் நல்ல ஷாட் மேலே ஏறி இறங்குகிறது. ரொம்ப உயரம் போனாலும் ஆபத்து: வேகம் கூடுதலாகத் தேவைப்படும், கையில் சின்னப் பிசகும் பெரிதாகும். விரல் நுனி கொடுக்கும் பின்சுழற்சி இன்னொரு உதவி. வளையத்தில் பட்ட பந்தின் வேகத்தை அது தணிப்பதால், தெறித்து ஓட வேண்டிய பந்து சில சமயம் உள்ளேயே விழுந்துவிடும்.

புது ஆட்டக்காரர்களை என்பிஏ அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். கரியை 2009 டிராஃப்டில் 7-வதாக எடுத்தார்கள். 2011-ல் கிளே தாம்ப்ஸன் 11-வது, 2012-ல் டிரேமண்ட் கிரீன் 35-வது. கரியின் கணுக்கால் அப்போது அடிக்கடி மக்கர் செய்தது, அறுவை சிகிச்சையும் நடந்தது. அப்புறம் 2014-ல் ஸ்டீவ் கெர் பயிற்சியாளராக வந்தார். பந்து ஒரே கையில் தங்காமல் ஓட வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

இனி, நடந்த காரியத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கோட்டுக்கு வெளியே கரி பந்துடன் நிற்கிறார். கிரீன் ஓடிவந்து கரியின் தடுப்பாளருக்குக் குறுக்கே சுவர்போல நிற்கிறார். கரி அந்தச் சுவரை ஒட்டி விலகுகிறார். அவரை ஒரு நொடி தனியே விட்டால் 3 புள்ளி போய்விடும். எனவே கிரீனைக் காக்க வேண்டியவரும் சேர்ந்து கரி மீது பாய்கிறார். களத்தில் அணிக்கு ஐந்து பேர்; எதிரணியில் இருவர் கரியிடம் சிக்கிக்கொண்டார்கள். கரி பந்தை கிரீனிடம் தள்ளிவிடுகிறார். இப்போது கூடைக்கு முன்னால் வாரியர்ஸ் நான்கு பேர், எதிரணி மூன்று பேர். ஒரு தடுப்பாளர் கிரீனை நோக்கி வந்தால் கூடை அருகே ஓர் ஆளைத் தடுக்க யாருமில்லை. இன்னொருவர் அங்கே ஓடினால் மூலையில் தாம்ப்ஸனைத் தடுக்க யாருமில்லை. கிரீன் பெரிய ஷூட்டர் இல்லை, ஆனால் இந்தச் சிக்கலை ஓடிக்கொண்டே கண நேரத்தில் தீர்ப்பார். டிராஃப்டில் 34 பேருக்குப் பிறகு அவரை எடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

2015 இறுதிச்சுற்றில் (நான்கு ஆட்டம் வெல்லும் அணிக்கே கோப்பை) கிளீவ்லண்ட் அணியிடம் 1-2 எனப் பின்தங்கியபோது, கெர் இதையே இன்னும் கூர்மையாக்கினார். ஏழடி உயர ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து, ஆண்ட்ரே இகுவோடலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். கூடையடியை அடைத்து நின்ற பெரிய உடம்பு விலகியது, களத்தில் இடம் திறந்தது. அடுத்த மூன்று ஆட்டத்தையும் வென்று 40 ஆண்டுக் காத்திருப்பை முடித்தார்கள்.

அடுத்த சீசனில் 73 வெற்றி, 9 தோல்வி. கரி மட்டும் 402 மூன்று புள்ளி ஷாட்டுகள். அவருடைய முந்தைய சாதனையே 286தான். 2016 பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராகக் கடைசி நொடியில் அவர் 11 மீட்டருக்கும் மேல் தள்ளி நின்று போட்டு ஜெயித்தார். அங்கிருந்தெல்லாம் போடுவார் என்றால் தடுப்பாளர் அங்கேயே போய் நிற்க வேண்டும். தடுப்பாளர் அப்படி முன்னே வரும் ஒவ்வோர் அடியும் கூடைப் பக்கம் உள்ள மற்ற நால்வருக்குக் கிடைக்கும் இடம்.

அந்த சீசனின் இறுதிச்சுற்றில் 3-1 என முன்னிலை பெற்றும் கிளீவ்லண்டிடம் தோற்றார்கள். ஆனால் அவர்களின் ஆட்டமுறையை லீக் முழுவதும் எடுத்துக்கொண்டது. 2022 இறுதியில் அவர்களிடம் தோற்ற பாஸ்டன் செல்டிக்ஸ், இரண்டு ஆண்டு கழித்துக் கோப்பையை வென்ற சீசனில் ஓர் ஆட்டத்துக்கு 42-க்கும் மேல் மூன்று புள்ளி ஷாட்டுகளை முயன்றது.