கம்பஸுக்குக் காசு கட்டுமுன்

ஏ/எல், அதாவது உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்து பாருங்கள். மதிலுக்கு மதில் பதாகை தொங்கும். வெளிநாட்டுப் பட்டம் கொழும்பிலேயே, இன்றே பதிந்தால் கழிவு, கடைசி இருபது இடங்கள். என் அக்கா மகளுக்குப் பெறுபேறு வந்து மூன்றாம் நாளே அக்கா ஓரிடத்தில் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டா. ரசீதை வாங்கிப் பார்த்தேன். அடியில் எறும்பளவு எழுத்தில், கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்றிருந்தது. அரச பல்கலைக்கழகங்களுக்கான யுஜிசி விண்ணப்பம் அப்போது கோரப்படவே இல்லை. இதை எழுத வைத்தது அந்த ரசீதுதான்.

முதலில் காசு கேட்காத கதவைத் தட்ட வேண்டும். அரச பல்கலைக்கழகங்களுக்கான அனுமதி 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது. நாம் எல்லோரும் யுஜிசி என்று சொல்வது அதைத்தான். ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது 'எஸ்' (சாதாரண சித்தி), பிள்ளைகள் கொமன் ஜெனரல் என்று சொல்லும் பொதுப் பரீட்சைத் தாளில் குறைந்தது 30 புள்ளி இருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். இந்தத் தகுதி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது இசட் ஸ்கோர். 2001 முதல் இதுதான் அளவுகோல். பாடத்துக்குப் பாடம் தாளின் கடினம் வேறுபடுவதால், எடுத்த புள்ளியை அப்படியே கூட்டாமல், அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். கணக்கு விளங்குவதற்காக ஓர் எண்ணை எடுப்போம். பௌதிகவியலில் நாடு முழுவதற்குமான சராசரி 40, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 15. பிள்ளை எடுத்தது 70. 70இலிருந்து 40ஐக் கழித்து 15ஆல் வகுத்தால் 2. இரசாயனவியலிலும் அதே 70தான், ஆனால் அங்கே சராசரி 50, விலகல் 20 என்றால் வருவது 1 மட்டுமே. இப்படி மூன்று பாடங்களுக்கும் எடுத்து, அதன் சராசரியைப் போடுகிறார்கள். பெறுபேற்றுத் தாளில் நாலு தசமத்தில் இருப்பது அந்த எண். அதனால்தான் 'மூன்று ஏ எடுத்தும் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு ஏயோடு போய்விட்டது' என்கிற கதை நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரில் கோபிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி வரிசையில் போகிறது. 55 வீதம் சனத்தொகையின்படி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் அத்தனையும், நுவரெலியா, பதுளை, மொனராகலை போன்றவையும் அந்தப் பதினாறில் உண்டு. கொழும்பு இல்லை. எனவே முல்லைத்தீவில் மருத்துவத்துக்குப் போதுமான புள்ளி கொட்டாஞ்சேனையில் போதாமல் போகும். இது அநியாயம் என்று கொழும்புத் தாய் தகப்பன்மார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நாலு ரியூஷன் வகுப்பு இருக்கிற பிள்ளையும், பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. கலைப்பிரிவுக்காரருக்கு இந்தப் பங்கீடு கிடையாது. அங்கே அகில இலங்கை வரிசை மட்டுமே.

விண்ணப்பத்தில் மிக அதிகம் பிழைப்பது விருப்ப ஒழுங்கு. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்குமாகச் சேர்த்து யூனிகோட் என்று ஒரு குறியீடு இருக்கும். அவற்றை விரும்பும் வரிசையில் நிரப்ப வேண்டும். 'எனக்கு இது எப்படியும் வராது, மேலே போட்டால் கீழே இருப்பதும் கைவிட்டுப் போகும்' என்று பயந்து, ஆசைப்பட்டதைக் கீழே தள்ளுகிறார்கள். அது வீண் பயம். வரிசையில் மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, பிள்ளையின் புள்ளி எங்கே முதலில் போதுமோ அந்த இடத்தைத்தான் தருகிறார்கள். மேலே ஒரு பெரிய ஆசையை எழுதியதற்காகக் கீழே உள்ளது கழிவதில்லை. ஆனால் ஆசைப்படாததை மேலே எழுதினால் அதுவே வந்து சேரும். போன வருட வெட்டுப்புள்ளியை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, படிக்க விரும்பும் ஒழுங்கில் எழுதுங்கள்.

அக்கா மகள் அப்படித்தான் எழுதினாள். மட்டக்களப்பில் இடம் வந்தது. 'அவ்வளவு தூரமா' என்று இரண்டு நாள் வீட்டில் அழுகை. கொழும்புப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் பட்டியலின் அடியில் போடுவது பழக்கமாகிவிட்டது. தமிழ்மூலத்தில் படிக்க விரும்பும் கலைப்பிரிவுப் பிள்ளைக்கு அது சரியான கணக்கல்ல. எந்தக் கற்கைநெறி எங்கே எந்த மொழிமூலத்தில் நடக்கிறது என்று யுஜிசி கைநூலில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்றும் தவறிப்போகிறது. மொறட்டுவையில் கட்டிடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு இசட் ஸ்கோர் மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். யுஜிசிக்கு அனுப்பிவிட்டோமே என்று இருந்தால் திகதி போய்விடும்.

அனுமதி கிடைத்த பிறகு மகாபொல புலமைப்பரிசில். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட நிதியம் தருவது அது. பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத் தருகிறார்கள். மாதம் 5000 ரூபாவாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7500 ஆக்கினார்கள். அது கிடைக்காதவர்களில் வருமானம் குறைந்தவர்களுக்குப் பேர்சரி என்ற உதவித்தொகை உண்டு. கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழை நேரத்தோடு எடுத்து வைத்தால் அலைச்சல் குறையும்.

இடம் கிடைக்காவிட்டால்தான் அந்தப் பதாகைகளின் பக்கம் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது கட்டிடத்தின் குளிரூட்டியையும் கண்ணாடியையும் பார்க்காமல், கடைசியில் கைக்கு வரும் தாளில் யாருடைய பெயர் இருக்கும் என்று கேளுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று அக்காவோடு அந்த இடத்துக்கு நானும் போனேன். கழுத்துப்பட்டி போட்ட பிள்ளை சிரித்தபடி, "எங்கட டிகிரி யுஜிசி ரெகக்னைஸ்ட், அங்கிள்" என்றது. "ரெகக்னைஸ்ட் ஆனது உங்கட கம்பஸா, அந்த வெளிநாட்டு யூனிவர்சிட்டியா?" என்று கேட்டேன். உள்ளே போய் ஒருவரைக் கூட்டிவந்தது. அவர் காட்டியது கண்ணாடிச் சட்டகத்தில் போட்ட ஒரு சான்றிதழ். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்ததற்கான பத்திரம். புடவைக் கடைக்கும் அதே பத்திரம்தான் கொடுப்பார்கள்.

இங்கே இரண்டு வகை உண்டு, கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று, பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அதிகாரம் பெற்ற உள்ளூர் நிறுவனங்கள். மாலபேயில் எஸ்எல்ஐஐடி, ஹோமாகமையில் என்எஸ்பிஎம் இந்த வகை. இங்கே அங்கீகாரம் வர்த்தமானியில் பட்டத்துக்குப் பட்டம் தனியாக வருகிறது. ஒரு நிறுவனத்தின் ஒரு பட்டம் பட்டியலில் இருக்கிறது என்பதால் அங்கே நடக்கும் எல்லாமே இருக்கிறது என்று ஆகாது. பட்டத்தின் முழுப்பெயரைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். மற்றது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு இங்கே வகுப்பு நடத்தும் இடங்கள். அங்கே யுஜிசி பார்ப்பது அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைத்தான். கொழும்பில் நடக்கும் வகுப்பின் தரத்துக்கு அது உத்தரவாதம் அல்ல.

சில தொழில்களுக்கு யுஜிசியின் வார்த்தையும் போதாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே வைத்தியராகலாம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியலில் இரண்டு 'சி', ஒரு 'எஸ்' வேண்டும் என்பதும் 2018 முதல் வர்த்தமானியில் இருக்கிறது. முகவர்கள் இதைச் சொல்லாமலே விமானச்சீட்டுப் போடுவார்கள். பொறியியல் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் அந்தப் பட்டத்துக்கு உண்டா என்று பாருங்கள். பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014 முதல் இருப்பதால் அந்த அங்கீகாரத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு.

காசு இல்லையென்றால், அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு 2017 முதல் அரசின் வட்டியில்லாக் கடன் இருக்கிறது. அமைச்சு பட்டியலிட்ட நிறுவனங்களின் பட்டியலிட்ட பட்டங்களுக்கு மட்டும். வட்டியை அரசு கட்டும், எடுத்த கடன் தொகையைப் பிள்ளைதான் கட்ட வேண்டும். விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது. அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் பணத்தைக் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு கடன் எடுப்போம் என்று போகாதீர்கள்.

டிப்ளோமா, தொழிற்கல்வி என்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவா, பாடநெறிக்கு என்விகியூ (தேசிய தொழில் தகைமை) மட்டம் உண்டா என்று கேளுங்கள். மட்டம் 5, 6 டிப்ளோமா; 7 பட்டத்துக்குச் சமம். மட்டமே இல்லாத சான்றிதழுக்கு இலட்சக்கணக்கில் கொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எச்என்டி (உயர் தேசிய டிப்ளோமா) படிக்க அரச உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் மட்டக்குளியிலும் தெஹிவளையிலும் உண்டு. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அது அரச பல்கலைக்கழகம்தான், ஆனால் சேர்வதற்கு இசட் ஸ்கோர் பந்தயம் இல்லை. கட்டணம் உண்டு, வேலை செய்துகொண்டே படிக்கலாம். 138 பஸ்ஸில் நுகேகொடை போய் இறங்கினால் பக்கம்.